கடும் நோயுற்ற பிள்ளையை வன்னியில் வீட்டில் வைத்துப் பராமரித்தல்: குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்தோ யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்தோ நோயுற்ற பிள்ளையோடு வன்னிக்குத் திரும்பும் குடும்பத்தின் கையில் ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு பை மருந்தும் இருக்கும். "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எப்படிப் பார்ப்பது என்று பெரும்பாலும் எவரும் ஆறுதலாக இருந்து சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். சிக்கல் இரவில்தான் வருகிறது. நடுச்சாமத்தில் பிள்ளை வலியில் முனகத் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர்; முல்லைத்தீவிலிருந்து நூறுக்கும் மேல். கார்த்திகை மழையில் உள் கிராமங்களிலிருந்து ஏ9 வீதிக்கு வந்து சேருவதே பெரும்பாடு. அந்த இரவில் என்ன செய்வது என்பதைப் பிள்ளை ஓரளவு தெம்பாக இருக்கும் ஒரு பகலில் தீர்மானித்து வைத்துவிட வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்கான ஆயத்தம்தான்.

குணமாகாத நோயுள்ளவர்களை வலியின்றிப் பராமரிக்கும் இடம்தான் ஹொஸ்பிஸ். பிள்ளைகளுக்கென்று தனியான ஹொஸ்பிஸ் இல்லம் முதன்முதலில் 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ஹெலன் ஹவுஸ். இலங்கையில், மகரகமவில் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை நடத்தும் 'சுவ அரண' புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமான நிலையம். ஆனால் விசுவமடுவிலோ துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழும் பிள்ளைக்கு அந்தப் பராமரிப்பு கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதன் சொந்த வீடுதான். வீட்டில் நல்ல பராமரிப்புக் கொடுக்க முடியும். அதற்கு ஆட்களும் மருந்தும் எழுதிவைத்த ஒரு திட்டமும் வேண்டும்.

முதற் படி: வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்

வலியையும் மற்றத் தொல்லைகளையும் தணித்து, பிள்ளையையும் குடும்பத்தையும் தாங்கும் பராமரிப்பே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. அந்தப் பெயரைக் கேட்டதும், சாகப்போகிறவர்களுக்கானது என்று பலர் பயந்து விலகிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் பிள்ளைகளுக்கென்று வகுத்த வரைவிலக்கணத்தின்படி, அது நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டியது. நோயைக் குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டியது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அது உரியது. தசை மெலிந்து வரும் பையனுக்கும், பிறவி இதயக் கோளாறு உள்ள கைக்குழந்தைக்கும், மூளைவாதத்தால் அடிக்கடி நெஞ்சுச்சளியும் வலிப்பும் வரும் பிள்ளைக்கும் உரியது. ஆகவே, சிகிச்சையைக் கைவிட்டால்தான் இது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றைக் கடுதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும். இந்த நோய் குணமாகுமா, கட்டுப்படுமா, இல்லையா? வரும் மாதங்களில் எந்தெந்தத் தொல்லைகள் வரக்கூடும்? அவை வந்தால் வீட்டில் எதைச் செய்யலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இந்த மருந்து எங்கள் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும், எத்தனை நாட்களுக்குத் தருவார்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மருந்துச் சீட்டு கையில் இருந்தும், பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாததால் பிள்ளை வலியோடு கிடந்த வீடுகள் உண்டு.

கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லப்பட்டது சரியாக விளங்காவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ அழைக்கச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க வைப்பதையும் தவிருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயால் தம்பியின் நோய் பற்றிய தீர்ப்பைச் சொல்லவைப்பது பெரும் கொடுமை.

இரண்டாம் படி: கடுதாசிகளையும் ஆட்களையும் சேர்த்து வையுங்கள்

கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, ஸ்கான் முடிவுகள், தற்போதைய மருந்துப் பட்டியல், ஒவ்வாத மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பைக்குள் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். வெள்ளத்தில் கொப்பி நனைந்தால் பிள்ளையின் முழு வரலாறும் போய்விடும்.

அடுத்து, பெரிய ஆஸ்பத்திரியின் விசேட வைத்தியரிடமிருந்து உங்கள் பகுதி வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். பிள்ளைக்கு என்ன நோய், எந்த மருந்து எந்த அளவில், அவசரம் வந்தால் என்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு, அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அங்குள்ள வைத்தியரைப் போய்ப் பாருங்கள். முன்பே பிள்ளையைப் பார்த்த வைத்தியர் இரவில் வேறு விதமாக நடந்துகொள்வார். பயமின்றி மருந்து கொடுப்பார்.

ஊரிலேயே இருக்கும் ஆட்கள் இன்னும் முக்கியம். குடும்பநல உத்தியோகத்தருக்கு உங்கள் வீட்டுப் படலை தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருந்தால், வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கிராம அலுவலரிடம் நிலைமையை முன்பே சொல்லிவையுங்கள். பிறகு, அழைத்த நேரத்தில் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவர், இரவில் வந்து மற்றப் பிள்ளைகளோடு இருக்கக்கூடிய அயலவர் ஒருவர். இவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு வையுங்கள். வன்னியில் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கேட்கக் கூச்சப்பட்டுத் தனியே கிடந்து அல்லாடுபவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் படி: வீட்டில் ஓர் இடம்

பிள்ளையை உள்ளறையில் ஒதுக்கிப் படுக்கவைக்க வேண்டாம். வீட்டு நடமாட்டம் தெரிகிற, காற்று வருகிற இடத்தில் படுக்கையைப் போடுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மத்தியானத்தில் விறாந்தையோ மரநிழலோ நல்லது. நுளம்பு வலை கட்டாயம்.

எழும்ப முடியாத பிள்ளையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் பாரம் விழாமல் வையுங்கள், தேய்க்க வேண்டாம். பிராணவாயு இயந்திரமோ சளி உறிஞ்சும் கருவியோ வீட்டில் இருந்தால், மின்சாரம் தடைப்படும்போது என்ன செய்வது என்பதை, கருவி தந்தவர்களிடமே முதல் நாளில் கேளுங்கள்.

நான்காம் படி: வலி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் உண்டு என்றால், இதை வாசியுங்கள். கடும் நோயுற்ற பிள்ளைகளின் வலியில் மிகப் பெரும் பகுதியைத் தணிக்க முடியும். வலி நோயோடு கூடவே வருவது, தாங்கத்தான் வேண்டும் என்று எவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வலியைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை 0 முதல் 10 வரை எண் சொல்லும். அதற்குச் சிறியது, அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை நீங்கள் வரைந்து காட்டினால் விரல் வைத்துக் காட்டும். பேசாத பிள்ளைக்கு ஐந்தைப் பாருங்கள்: முகம், கால், உடலின் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி கொடுத்துக் கூட்டுங்கள். நான்குக்கு மேல் போனால் அது சும்மா சிணுங்கல் இல்லை. நீண்ட நாள் வலியில் இருக்கும் பிள்ளை அழாது என்பதையும் அறிந்து வையுங்கள். அசையாமல், விளையாடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். "பாவம், பிள்ளை குழப்படி இல்லை, பேசாமல் கிடக்கிறது" என்று பார்க்க வருபவர்கள் சொல்லும்போது, அந்த அமைதியே வலியின் அடையாளமாக இருக்கலாம். தாய்க்கு மட்டுமே தெரிகிற குறிகளும் உண்டு. ஒரு பிள்ளை காதை இழுக்கும், இன்னொன்று மூச்சை அடக்கும். அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தியருக்குக் காட்டுங்கள்.

பிள்ளைகளின் நீடித்த வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டு படிகள் இருந்தன. இலேசான வலிக்குப் பரசிற்றமோல் அல்லது இபுபுரூபன். அதற்கு மேற்பட்ட வலிக்கு மோர்பின் போன்ற வலுவான மருந்து. இடையில், மோர்பினைவிட வலுக்குறைந்த கொடெயின் கொடுக்கும் பழைய முறையை அந்த வழிகாட்டல் பிள்ளைகளுக்குக் கைவிட்டுவிட்டது. பரசிற்றமோலை, அதாவது நாம் பெனடோல் என்று வாங்குவதை, வயதைவிடப் பிள்ளையின் எடையைப் பார்த்தே கொடுக்க வேண்டும். அளவை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். 24 மணித்தியாலத்தில் நான்கு தடவையைத் தாண்ட வேண்டாம். அஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. இபுபுரூபனையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரத்தத் தட்டுகள் குறைந்த பிள்ளைக்கும் டெங்கு சந்தேகம் உள்ள பிள்ளைக்கும் அது ஆபத்து.

மோர்பின் என்றதும் வீடே நடுங்குகிறது. பிள்ளை அடிமையாகிவிடும், இது கடைசி மருந்து, இதைக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று மூன்று பயங்கள். மூன்றும் குடும்பத்தாரிடம் மட்டுமல்ல, சில சமயம் மருத்துவத் துறையினரிடமும் உண்டு. வலிக்காக, வைத்தியர் கணித்த அளவில் கொடுக்கும் மோர்பின் பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்குவதில்லை. வலி குறைந்தால் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். மோர்பின் கொடுக்கும் எல்லாப் பிள்ளைகளும் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களும் அல்லர். வலி அடங்கியதும் எழும்பி உட்கார்ந்து, தங்கையோடு சண்டை பிடிக்கத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும் முறையில் சில ஒழுங்குகள் உண்டு. வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரப்படி கொடுங்கள். சாதாரண மோர்பின் பாணியின் பலன் நான்கு மணித்தியாலம் அளவில்தான் நிற்கும். கைபேசியில் மணி வையுங்கள். இரவில் பிள்ளையை எழுப்பிக் கொடுப்பதா, படுக்கும்போது அளவை மாற்றுவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும். இரண்டு வேளைக்கு இடையில் வலி கிளர்ந்தால் கொடுக்கும் மேலதிக அளவு எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். ஒரு நாளில் அந்த மேலதிக மருந்து பல தடவை தேவைப்பட்டால் வழக்கமான அளவு போதவில்லை என்று அர்த்தம், அழைத்துச் சொல்லுங்கள். தேக்கரண்டியால் அளக்க வேண்டாம், ஊசி கழற்றிய சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். புதுப் போத்தல் தந்தால், ஒரு மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்பது பழைய போத்தலில் உள்ளதுதானா என்று பாருங்கள். போத்தலின் செறிவு மாறி, கொடுக்கும் மில்லிலீற்றர் மாறாமல் இருப்பதால் வரும் தவறு உயிருக்கே ஆபத்தானது.

மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மலச்சிக்கல் வரும் என்பது நிச்சயம். மற்றப் பக்கவிளைவுகளைப் போல் அது நாளடைவில் பழகிப் போகாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் பிள்ளை அதிகம் தூங்கும். வலியால் பல இரவு தூங்காத உடம்பு அது. சொறிவும் குமட்டலும் வரலாம், அவற்றுக்கு மருந்து உண்டு. பிள்ளையை எழுப்ப முடியாத அளவுக்கு மயக்கமும், மூச்சு மிக மெதுவாகவும் இருந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள். போத்தலைப் பூட்டுள்ள றங்குப்பெட்டியில் வையுங்கள். அலுமாரியின் மேல் தட்டு வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே சூடு கூடிய இடம் அதுதான்.

மருந்தோடு மற்றவையும் வேலை செய்யும். மடியில் வைத்து ஆட்டுவது, வெதுவெதுப்பான துணி ஒத்தடம், கதை, அம்மம்மாவின் குரல். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து.

ஐந்தாம் படி: மற்றத் தொல்லைகள்

சாப்பாட்டைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் சண்டை வரும். பிள்ளை சாப்பிடாவிட்டால் அதற்குத் தாயைக் குற்றம் சொல்வார்கள். நோய் முற்றிய உடம்பு உணவைக் கேட்பதில்லை. பசி குறைவது நோயின் விளைவு. வாயைத் திறந்து கஞ்சியை ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்ப் புதிய வருத்தத்தைக் கொண்டுவரும். நிமிர்த்தி உட்காரவைத்து, பிள்ளை விரும்புவதை, விரும்பும் நேரத்தில், இரண்டு வாய் கொடுங்கள். இடியப்பமும் சொதியும் கேட்டால் அதுவே போதும். வாய் காய்ந்திருந்தால் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். குமட்டலுக்கு வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

மூச்சு வாங்கினால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்து, யன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிறுங்கள். சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். மூச்சுத்திணறலுக்கும் சிறு அளவு மோர்பின் உதவும் என்பது பலருக்குத் தெரியாது. வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வைத்தியர் தந்துவைத்த அவசர மருந்தைக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவரும் பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் கிருமி மிக விரைவாகப் பரவும். பெனடோலைக் கொடுத்துவிட்டுப் படுக்காமல், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறாம் படி: பிள்ளையிடம் உண்மை பேசுங்கள்

பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அம்மாவின் வீங்கிய கண், வாசலில் தாழ்ந்த குரலில் பேச்சு, திடீரென்று எல்லோரும் வாங்கி வரும் விளையாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அம்மா அழுவாள் என்பதால் கேட்பதில்லை. இப்படி இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு, பிள்ளை தனியே பயத்தோடு கிடக்கிறது.

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைக்குப் பிரிவு மட்டும்தான் பயம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். நான்கு, ஐந்து வயதில் சாவு திரும்பி வரக்கூடிய ஒன்று என்று நினைக்கும். தான் குழப்படி செய்ததால்தான் வருத்தம் வந்தது என்றும் நம்பும். அதைக் கட்டாயம் மறுத்துச் சொல்லுங்கள். ஏழு எட்டு வயதுக்குப் பிறகு சாவு முடிவானது என்று மெல்ல விளங்கத் தொடங்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்; அதற்குத் தன் உடம்பைப் பற்றிய முடிவுகளில் ஒரு சொல்லும், கொஞ்சம் தனிமையும், கூட்டாளிகளோடு பேச ஒரு கைபேசியும் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை என்ன கேட்கிறதோ அதற்கு மட்டும் பொய்யில்லாத பதில். "அம்மா, நான் சாகப்போகிறேனா?" என்று கேட்டால், "அப்படி ஏன் குஞ்சு கேட்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டதா, இன்று உடம்புக்கு அதிகம் இயலாமல் இருக்கிறதா என்று தெரியவரும். பிறகு, "உன் வருத்தம் பெரிய வருத்தம். டொக்டர்மாரால் அதை மாற்ற முடியவில்லை. ஆனால் நோகாமல் பார்ப்போம். நானும் அப்பாவும் உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டோம்" என்று சொல்லலாம். சாவை 'நித்திரை' என்று சொல்லாதீர்கள். அதன் பிறகு பிள்ளை கண்மூடவே பயப்படும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளும் பயப்படுவார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு விலக்கிவிட வேண்டாம். ஒரு மணித்தியாலம் போய் வகுப்பில் இருந்துவிட்டு வந்தாலும் அது பெரிய காரியம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் ஆசை பிள்ளைக்கு இருந்தால் படிக்கட்டும். விளையாட்டுப் போட்டி நாளில் தன் இல்லத்தின் நிறச் சட்டையோடு கதிரையில் இருந்து பார்க்கட்டும். வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். அவர் மற்றப் பிள்ளைகளுக்கு, இது தொற்றாது, பழையபடி விளையாடலாம் என்று விளக்குவார்.

உடன்பிறந்தவர்களை மறந்துவிடுகிறோம். எல்லா இரவும் அம்மா ஆஸ்பத்திரியில் என்றால் மற்றப் பிள்ளை தனக்கும் ஒரு வருத்தம் வராதா என்று ஏங்கத் தொடங்கும். அந்தப் பிள்ளைக்கும் நாளில் சிறிது நேரம், தனியாக, உங்களோடு.

ஏழாம் படி: நேர்த்தி, நாட்டு வைத்தியம், கடன்

வற்றாப்பளை அம்மனுக்கோ புதூர் நாகதம்பிரானுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வைப்பது குடும்பத்துக்குப் பலம் தரும். அதைத் தடுக்கும் உரிமை எந்த வைத்தியருக்கும் இல்லை. பிள்ளையைக் கூட்டிப் போவதானால் வைகாசிப் பொங்கல் நெரிசலிலும் ஆவணித் திருவிழாக் கூட்டத்திலும் வேண்டாம்; அமைதியான ஒரு நாள் காலையில் போங்கள். மருந்துப் பையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து கொடுப்பதானால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள், அதற்காக வலி மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பிள்ளைக்கு வருத்தம் வந்தது தாயின் கிரகபலன், முற்பிறவிப் பாவம் என்று சொல்ல வருபவர்களை மட்டும் வாசலிலேயே மறித்து அனுப்புங்கள். அந்தச் சொல் தாயைக் கொல்லும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். குடும்பத்தை முறிப்பது போக்குவரத்தும், இழந்த நாட்கூலியும், தங்கும் செலவும்தான். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு, அஸ்வெசும என்ற நலன்புரி உதவி, ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி ஆகியவற்றில் எதற்கு உங்கள் பிள்ளை தகுதி பெறும் என்று கேளுங்கள். நுண்கடன் எடுக்காதீர்கள். வன்னியில் எத்தனை பெண்களை அது நொறுக்கியது என்பதை நாம் கண்டோம். காணியை விற்றுச் சென்னைக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், விற்பதற்கு முன் எல்லா அறிக்கைகளோடும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ இன்னொரு விசேட வைத்தியரின் கருத்தைக் கேளுங்கள். அங்கே செய்யக்கூடியது இங்கும் செய்யக்கூடியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

எட்டாம் படி: இரவுத் திட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில், எவரும் வாசிக்கக்கூடியதாக.

பிள்ளையின் பெயர், எடை, நோய், ஒவ்வாத மருந்து.
இப்போது கொடுக்கும் மருந்துகள், அளவு, நேரம்.
வலி கூடினால்: எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், எவ்வளவு நேரத்துக்குப் பிறகு மீண்டும் கொடுக்கலாம்.
வலிப்பு, மூச்சுத்திணறல், இரத்தக்கசிவு வந்தால் முதலில் செய்ய வேண்டியது.
அழைக்க வேண்டிய இலக்கங்கள், எந்த ஒழுங்கில்.
ஆஸ்பத்திரிக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா.

கடைசி வரிதான் கடினமானது. குணமாகாத நோயின் முடிவு நெருங்கும்போது பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று வைத்தியரோடும், முடிந்தால் பிள்ளையோடும் பேசித் தீர்மானியுங்கள். 1990 சுவசெரிய இலவசம். ஆனால் அவர்கள் வந்தால் உயிர்காக்கும் முயற்சியைத் தொடங்கி அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள், அது அவர்களின் கடமை. இதயத்தை அழுத்துவதும் தொண்டைக்குள் குழாய் விடுவதும் வேண்டாம் என்று நீங்களும் வைத்தியரும் முடிவெடுத்திருந்தால், அதை வைத்தியர் எழுதிய கடிதமாக வைத்திருங்கள். வீடு என்று தீர்மானித்துவிட்டுக் கடைசி நேரத்தில் மனம் மாறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதிலும் தவறில்லை. எவரும் அதற்காக உங்களைக் குறைசொல்லக்கூடாது.

ஒன்பதாம் படி: கடைசி நாட்கள்

பிள்ளை நாளின் பெரும்பகுதி தூங்கும். விழுங்குவது நிற்கும். கைகாலின் நுனி குளிர்ந்து நீலம் பாயும். மூச்சு வேகமாகவும் பிறகு நீண்ட இடைவெளியோடும் வரும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்பவர்களுக்கு அது பயங்கரமாக இருக்கும். ஆழ்ந்த மயக்கத்தில் உள்ள பிள்ளைக்கு அது பெரும்பாலும் துன்பம் தருவதில்லை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் சத்தம் குறையும். விழுங்க முடியாதபோது வலி மருந்தை எந்த வழியால் கொடுப்பது என்று, கன்னத்தின் உட்புறத்தாலா, ஆசனவாயாலா, தோலுக்குக் கீழ் ஊசியாலா என்று முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். பிள்ளை பேசாததால் வலி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்குக் கேட்கும் என்று எண்ணியே பேசுங்கள்; மடியில் வைத்திருங்கள்.

2009 போரில் ஒரு பிள்ளையை இழந்த அம்மாவோ அம்மம்மாவோ அந்த வீட்டில் இருந்தால், இந்த நாட்களில் பழைய மரணமும் திரும்பி வரும். அன்று உரிய கிரியை செய்ய முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்கள், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் குறையக்கூடாது என்று துடிப்பார்கள். அதைப் புரிந்துகொண்டு அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். குளிப்பாட்டுவதோ, தலை வாருவதோ, தேவாரமோ செபமோ படிப்பதோ, அவர்கள் கையால் நடக்கட்டும்.

பத்தாம் படி: அதன் பிறகு

எதிர்பார்த்த மரணம் வீட்டில் நடந்தால் அவசரம் எதுவும் இல்லை. வேண்டிய நேரம் பிள்ளையோடு இருங்கள். பிறகு கிராம அலுவலருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் 5 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். வைத்தியரின் கடிதமும் கிளினிக் கொப்பியும் கையில் இருந்தால் தேவையற்ற கேள்விகள் குறையும். மிஞ்சிய மோர்பினைக் குப்பையில் போடாமல், அயலாருக்கும் கொடுக்காமல், மருந்து தந்த ஆஸ்பத்திரியிலேயே ஒப்படையுங்கள்.

உடன்பிறந்தவர்களைச் செத்தவீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டாம். நிற்க விரும்பினால் நிற்கட்டும். என்ன நடக்கிறது என்று விளக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வருவோர் வரத்து நின்றுவிடும். தாய் தகப்பனுக்கு மிகக் கடினமான காலம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அயலில் இருப்பவர்கள் இரண்டாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் போங்கள், பிள்ளையின் பிறந்தநாளிலும் போங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசப் பயப்பட வேண்டாம். தாய் அழுவாள், ஆனால் பேச ஆள் கிடைத்ததே என்று ஆறுதலும் அடைவாள். தகப்பன் குடிக்கத் தொடங்கினால், தாய் வாரக்கணக்கில் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று எவர் சொன்னாலும், உடன்பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரவில் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.